கெராச்சுட் ஏரிக்கு எப்போது போவது: தையிலா, சித்திரையிலா, ஐப்பசியிலா?

மலேசியாவின் பினாங்குத் தீவில் தைப்பூசம் முடிந்து பத்து நாள் இருக்கும். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஏறிய கால்வலி போய்விட்டது, வெயிலும் நன்றாக அடிக்கிறது, இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று ஒரு சனிக்கிழமை காலை ரொட்டி சானாய் பசியாறிவிட்டு தெலுக் பஹாங்குக்குக் கிளம்பினோம். தேசியப் பூங்கா வாசலில் பதிவு செய்துகொண்டு, காட்டுக்குள் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கி, மரங்கள் விலகி வெளிச்சம் வந்த இடத்தில் போய் நின்றால் எதிரே ஒரு திடல். ஓரமெல்லாம் புல். நடுவில் பாளம் பாளமாக வெடித்த சேறு. ஒரு மூலையில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் கொக்கு ஒன்று அசையாமல் நின்றது. “ஏரி எங்கம்மா?” என்று மகன் கேட்டான். நாங்கள் நிற்பதே ஏரிக்குள்தான் என்பது பலகையைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த முறை தீபாவளி முடிந்த வாரத்தில் போனேன். அதே இடம்தான். கரையோரத்து மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. தொங்குபாலத்தில் நின்று பார்த்தால் குன்றும் மேகமும் தலைகீழாக ஏரிக்குள் கிடந்தன. மகன் ஓடி விளையாடிய திடலில் அன்று அவன் தலைக்கு மேல் தண்ணீர் இருந்திருக்கும். அந்தப் புல்லும் வெடித்த சேறும் எங்கே இருந்தன என்று விரல் நீட்டிக் காட்டக்கூட முடியவில்லை.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து தங்கை போன் செய்தாள். செந்தூலில் இருக்கிறாள், அம்மாவும் அவளோடுதான். “அக்கா, அம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ஏரி பார்க்கப் போகணும். பினாங்குக்கு வரவா, இல்ல இங்கிருந்து பெராவுக்கே போயிடவா? வந்தா எப்ப வர்றது?” பெரா என்பது பகாங் மாநிலத்தில் இருக்கும் ஏரி. அவளுக்கு போனில் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் விடுமுறை நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் ஏரியைப் பற்றி விசாரிக்கிறார்கள். கெராச்சுட் விஷயத்தில் அந்த வரிசை சரிப்படாது. அங்கே மாதம்தான் முதலில்.

ஏன் என்று புரிய, அந்த ஏரி எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கும் அதன் பின்னால் எழும் காட்டுக் குன்றுக்கும் நடுவில் அது கிடக்கிறது. 2003-இல் தேசியப் பூங்கா ஆவதற்கு முன், பந்தாய் ஆச்சே காப்புக்காடு என்று இருந்த பகுதி இது. நிலமும் கடலும் சேர்த்தே 2,562 ஹெக்டேர்தான். தேசியப் பூங்கா என்ற கணக்கில் மிகச் சிறியது. உள்ளே சாலை கிடையாது. ஏரிக்குப் போக நடக்க வேண்டும், இல்லையென்றால் படகு பிடிக்க வேண்டும்.

குன்றிலிருந்து ஓடைகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடல் பக்கம் ஒரு மணல்மேடு தடுத்து நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருகும்போது உப்புத் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. வந்த உப்புத் தண்ணீர் கனமானது, அதனால் அடியில் போய்த் தங்கிவிடும். ஓடைத் தண்ணீர் அதன் மேல் ஒரு தட்டாக நிற்கும். பினாங்கு ரோட்டில் சென்டோல் வாங்கிக் கலக்காமல் வைத்துப் பாருங்கள். கூலா மலாக்கா வெல்லப்பாகு அடியில் கறுப்பாக நிற்கும், தேங்காய்ப்பால் மேலே வெள்ளையாக நிற்கும். அதே கதைதான். கரண்டி போட்டால் கலந்துவிடும். ஏரிக்குக் காற்றுதான் கரண்டி. குன்று மறைத்த இடத்தில் காற்று அடிவரை கலக்கும் அளவுக்குப் பலமாக வருவதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாதாரண ஏரியில் அடித்தண்ணீர் குளிர்ந்திருக்கும். இங்கே அடியில்தான் வெதுவெதுப்பு, மேலே குளிர்ச்சி. வெயில் உள்ளே இறங்கி அடித்தட்டைச் சூடாக்குகிறது. சூடான தண்ணீர் மேலே ஏறப் பார்த்தாலும், அதிலுள்ள உப்பின் கனம் ஏற விடாமல் பிடித்துக்கொள்கிறது. இப்படித் தட்டுகள் கலக்காமல் இருக்கும் ஏரிக்கு மெரோமிக்டிக் ஏரி என்று 1935-இல் இங்கோ ஃபிண்டெனெக் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பெயர் வைத்தார். கருங்கடலும் ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியும் இந்த வகைதான். அவை ஆண்டு முழுக்க அடிவரை கலக்காதவை. கெராச்சுட் அப்படியில்லை, வறட்சி வந்தால் ஏரியே போய்விடும். அதனால் நிரம்பியிருக்கும் மாதங்களுக்கு மட்டும் அந்தப் பெயர் பொருந்தும் என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இரண்டு தட்டு ஏரி என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இரண்டு நிறத்தில் தண்ணீர் தெரியும் என்று எதிர்பார்க்கிறார்கள். தெரியாது. மேலிருந்து பார்த்தால் மற்ற ஏரியைப் போலத்தான், இலைச்சாறு கலந்தது போன்ற பச்சை கலந்த பழுப்பு. கீழே வேறொரு தண்ணீர் இருக்கிறது என்ற அறிவோடுதான் அதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைப் போகும் வழியிலேயே சொல்லிவிட்டால் அங்கே போய் ஏமாறமாட்டார்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஏரி நிரம்புவது மழையால். மழைக்காலத்தில் நடைபாதை வழுக்கும், கடலும் கொந்தளிக்கும். பாதை காய்ந்து கடல் கண்ணாடி போல இருக்கும் மாதங்களில் ஏரி இருக்காது. நல்ல ஏரியும் நல்ல வழியும் ஒரே நாளில் கிடைப்பது அரிது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

தை, மாசி: பினாங்கில் மழை குறைந்த மாதங்கள் இவை. காலையில் கிளம்பினால் பாதை உலர்ந்திருக்கும், அட்டைத் தொல்லை குறைவு. படகுக்காரர்களும் யோசிக்காமல் சம்மதிப்பார்கள். வயதானவர்களை அழைத்துப்போக இதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் ஏரி என்று நினைத்துப் போகக்கூடாது. முதல் முறை நாங்கள் செய்த தவறு அதுதான். தெரிந்துகொண்டு போனால் அந்தக் காய்ந்த தரையும் ஓர் அனுபவம். பிறகு ஒருமுறை மாசியில் போனபோது அரைமணி நேரம் அந்தச் சேற்றின் ஓரத்திலேயே குந்தியிருந்தேன். உடும்பு போன தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. இரண்டு பக்கமும் நகம் பதிந்த கால்தடங்கள், நடுவில் வால் இழுத்த கோடு நீளமாக வளைந்து போய்ப் புல்லில் மறைந்தது. சேற்றுப் பாளங்களின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்துபோகிறது என்பதை எந்தப் பலகையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

சித்திரை, வைகாசி: இங்கே ஆண்டுக்கு இரண்டு மழை. முதலாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தொடங்கும். பெரும்பாலும் பிற்பகல் மழைதான், காலை தெளிவாக இருக்கும். ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கும், ஆனால் முழுக்க நிரம்பியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு வருடம் பாதி ஏரி, ஒரு வருடம் பெரிய குட்டை. இந்த மாதங்களுக்கு வேறொரு கவர்ச்சி உண்டு. கெராச்சுட் கடற்கரையில் பேராமைகள் முட்டையிட ஏறும் பருவம் அப்போதுதான் தொடங்கி ஆவணி வரை போகும். கடற்கரையில் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. முட்டைகளைப் பத்திரமாகப் புதைத்துப் பொரிக்கவிட்டுக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமைகள் இரவில்தான் கரை ஏறும், பகலில் போகிறவர்கள் தொட்டியில் இருக்கும் குஞ்சுகளைத்தான் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஏரியைவிட அதுதான் பிடிக்கிறது, அது அவர்கள் தப்பில்லை. ஏரி பாதி, ஆமை பாதி என்று மனத்தைச் சரிசெய்துகொண்டால் சித்திரை நல்ல தேர்வு.

ஆனி, ஆடியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை சற்றுத் தணியும், ஏரி இடைப்பட்ட நிலை. வேறு நாள் கிடைக்காதவர்கள் போகலாம்.

புரட்டாசி, ஐப்பசி: இதுதான் இங்கே பெருமழைக் காலம். ஐப்பசி அடைமழை என்று நம் தாத்தா பாட்டி கப்பலேறும்போது கொண்டுவந்த பேச்சு பினாங்குக்கும் அப்படியே பொருந்திவிட்டது. நாகப்பட்டினத்தில் மழை வரும் காற்றும் பினாங்கில் மழை வரும் காற்றும் வேறு வேறு, ஆனாலும் மாதம் ஒத்துப்போகிறது. ஏரி நிறைந்து ததும்புவது இப்போதுதான். பார்க்க வேண்டிய ஏரி இதுதான் என்று நான் மனதாரச் சொல்வேன். ஆனால் விலை உண்டு. 2017 நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவும் பகலுமாகக் கொட்டிய மழையில் தீவே வெள்ளக்காடானது இங்கிருக்கும் யாருக்கும் மறக்காது. அந்த மாதிரிப் பெருமழைக்குப் பின் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பூங்காப் பாதைகள் அடைபடலாம். இன்னொன்று, மழை அளவு மீறினால் ஏரி மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் இறங்கிவிடவும் கூடும். அப்போது நேற்றுப் படத்தில் பார்த்த நிறைந்த ஏரி இன்று போய்ப் பார்த்தால் வடிந்திருக்கும்.

கார்த்திகை, குறிப்பாக அதன் பின்பாதி: மழை இளைக்கத் தொடங்கும், தண்ணீர் இன்னும் பெரிதாக வடிந்திருக்காது, கடலும் ஐப்பசி அளவுக்கு முரண்டு பிடிக்காது. பலமுறை போய்வந்த பிறகு என் மனம் இந்த இரண்டு வாரத்தில்தான் நிற்கிறது. டிசம்பர் தொடக்கம் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

மாதம் முடிவாகிவிட்டால் அடுத்தது, காலா படகா.

நடந்து போனால் வாசலிலிருந்து கெராச்சுட் மூன்றரைக் கிலோமீட்டர் அளவு. கேட்கக் குறைவாகத் தோன்றும். முதல் அரைக் கிலோமீட்டர் கடலோரச் சமதளம், எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும். ஒரு பாலம் வரும், அங்கே பாதை பிரியும். வலப்பக்கம் கடலோரமாகவே தெலுக் டுயோங் என்ற குரங்குக் கடற்கரைக்கும் முகா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கும் போகிறது. இடப்பக்கம் ஏறினால் கெராச்சுட். அங்கிருந்து குன்று தொடங்குகிறது. வேர்களே படிக்கட்டு. ஏறி, ஒரு முகட்டைத் தாண்டி, மறுபக்கம் இறங்க வேண்டும். அதாவது திரும்பி வரும்போதும் ஏற்றம் உண்டு. இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. வழக்கமாக நடக்கிறவர்களுக்கு ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளோடு என்றால் இரண்டு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறைந்த அளவு. ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும் காலணி வேண்டும். இங்கே கம்போங் (கிராமத்து) ஆட்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும், விலையுயர்ந்த விளையாட்டுக் காலணியைவிட ஈரவேரில் அதுதான் பிடிக்கிறது.

நடக்கிறவர்களுக்குக் கிடைப்பது ஏரி மட்டுமில்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டது போன்ற கருங்குரங்குகள் மேலே இலை தின்றுகொண்டிருக்கும், நம்மைப் பார்த்தாலும் பொருட்படுத்தாது. கீழே திரியும் நீள்வால் குரங்குகள் வேறு ரகம். பையில் உணவுப் பொட்டலம் இருந்தால் மோப்பம் பிடித்து வந்துவிடும், பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே போதும். உணவை மூடிய பெட்டியில் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு என்றால் தெலுக் பஹாங் ஜெட்டியிலிருந்து, 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் முகா ஹெட் முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். இறங்கிய இடத்திலிருந்து ஏரிக்குச் சமதளத்தில் சில நிமிட நடைதான். விலை படகுக்கு, தலைக்கு இல்லை. எட்டுப் பேராகப் போனால் கட்டுப்படியாகும், இரண்டு பேர் போனால் கையைக் கடிக்கும். ஏறுவதற்கு முன் போகவர இரண்டுக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

படகில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. ஓர் ஐப்பசி மாதம் மாமியாரை அழைத்துப் போனோம். காலையில் கடல் பட்டு விரித்தது போல இருந்தது. மூன்று மணிக்கு வந்து அழைத்துக்கொள்வதாகப் படகோட்டி சொன்னார். இரண்டு மணிக்கு மேற்கே மேகம் கறுத்தது. மூன்று மணிக்கு அலை ஜெட்டித் தூண்களில் மோதித் தண்ணீர் மேலே தெறித்தது. படகு வரவில்லை. தொலைபேசியில் சிக்னல் நிற்கவில்லை, கையை உயர்த்திக்கொண்டு கடற்கரை முழுக்க நடந்த பிறகு ஒரே ஒரு குறுஞ்செய்தி போனது. “ஓம்பாக் பெசார், காக்” என்று பதில் வந்தது. அலை பெரிதாக இருக்கிறது, அக்கா. அவ்வளவுதான். மாமியார் ஈர மணலில் உட்கார்ந்து, புடவை முந்தானையால் பேரனின் தலையை மூடிக்கொண்டு, “நான் நடந்துடுவேன், நீங்க கவலைப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முழங்கால் அந்த முகட்டைத் தாண்டாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஐந்து மணிக்குக் கடல் கொஞ்சம் தணிந்தபோது படகு வந்தது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அலையில் வராமல் இருந்ததுதான் சரி. திரும்பும் வழி ஒன்றை மட்டும் நம்பி ஒரு வயதானவரை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது எங்கள் பிழை.

மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் திடீரென்று எழும் புயல்காற்றுக்கு சுமத்ரா என்றே பெயர். எதிர்க்கரையிலிருந்து வருவதால் அந்தப் பெயர். ஓரிரு மணி நேரத்தில் அடித்துவிட்டுப் போய்விடும், ஆனால் சின்னப் படகுக்கு அந்த ஓரிரு மணி நேரமே போதும். ஏரி நிறையும் மாதங்களும் இந்தக் காற்று வரும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் நிறைந்த ஏரியைப் பார்க்கப் படகை மட்டும் நம்பிப் போகாதீர்கள் என்கிறேன். குழுவில் எல்லோரும் தேவைப்பட்டால் நடந்து திரும்பக்கூடியவர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் ஐப்பசியிலும் போகலாம். ஒருவர் முடியாதவர் என்றால் கார்த்திகைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதுவும் காலை எட்டு ஒன்பது மணிக்குப் போய்ப் பகல் சாப்பாட்டுக்குள் திரும்பும்படி. பிற்பகல் மேகத்தோடு பந்தயம் வேண்டாம்.

போய்ச் சேர்ந்த பிறகு ஒன்று: கடலில் இறங்காதீர்கள். தண்ணீர் தெளிவாக, ஆசையாகத்தான் இருக்கும். ஜெல்லி மீன் உண்டு, நீரோட்டமும் இழுக்கும், பலகையும் வைத்திருக்கிறார்கள். ஏரியிலும் இறங்க வேண்டாம், அடிச்சேறு காலை விடாது. குளித்தே ஆக வேண்டும் என்கிற பிள்ளைகள் இருந்தால் திரும்பும்போது பத்து பெரிங்கி கடற்கரையில் நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, பெராவுக்கு வருகிறேன். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது நியாயமான கேள்விதான். தீபகற்ப மலேசியாவில் பெரிய இயற்கை நன்னீர் ஏரிகள் என்றால் இரண்டு, இரண்டுமே பகாங்கில். தாசேக் பெரா முதலாவது, தாசேக் சினி இரண்டாவது. கென்யிர், தெமெங்கோர் எல்லாம் அணை கட்டியதால் உண்டானவை, அவற்றின் அழகு வேறு. கோலாலம்பூரிலிருந்து பெரா மூன்று மணி நேரக் கார்ப் பயணம். பினாங்குக்கு வர நான்கு மணி நேரத்துக்கு மேல், அதற்கப்புறம்தான் தெலுக் பஹாங்கும் காடும்.

பெரா 1994-இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஏரி என்று சொன்னாலும் அகன்ற ஒரே தண்ணீர்ப்பரப்பை நினைத்துக்கொள்ளக் கூடாது. தாழைப் புதர்களும் கோரையும் சதுப்புக் காடும் கிளை கிளையாகப் பிரிந்து, நடுவில் கறுத்த தண்ணீர் வழி கண்டுபிடித்துப் போகிறது. அழுகிய இலையும் கரிச்சேறும் ஊறி, பால் ஊற்றாத தே ஓ தேநீரின் நிறம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிக் காட்டுக்குள் பரவும், வறட்சியில் படகுவழிகள் ஒடுங்கிவிடும். ஆனால் கெராச்சுட் போல முழுக்கக் காணாமல் போவதில்லை. இதுதான் பெரிய வித்தியாசம். எந்த மாதம் போனாலும் அங்கே ஏரி உண்டு. அங்கே வாழும் செமெலாய் பூர்வகுடிகளுக்கு அந்தத் தண்ணீரின் ஏற்ற இறக்கம் அத்துப்படி. உள்ளூர்க்காரர் ஒருவர் படகு ஓட்டினால் பார்க்கும் ஏரியே வேறு. அம்மா படகை விட்டு இறங்கவே தேவையில்லை, அலையும் கிடையாது. மூட்டுவலிக்காரர்களுக்கு என் கையைத் தூக்கிப் பெராவைக் காட்டுவேன்.

சினியைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. பன்னிரண்டு ஏரிகள் கோத்த மாலை போல இணைந்த இடம், 2009-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. ஜாக்குன் பூர்வகுடிகளின் கதைகளில் ஸ்ரீ குமும் என்ற நாகம் அந்த ஏரிக்குள் இருக்கிறது. நம் ஊர்க் குளத்து நாகக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதாகவே தோன்றாது. ஆண்டின் நடுவில் தாமரை பூத்து ஏரியை மூடும் என்பதற்காகவே நம் ஆட்கள் பேருந்து பிடித்துப் போன காலம் உண்டு. பகாங் ஆறு பெருகினால் சினி ஆறு திசைமாறி ஏரிக்குள் பாயும், ஆறு தணிந்தால் ஏரி வடியும். அந்த மூச்சில்தான் ஏரி உயிரோடு இருந்தது. 1995-இல் ஆண்டு முழுக்கப் படகு ஓட வேண்டும் என்று சினி ஆற்றில் சிறு தடுப்பணை கட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். இறங்க வேண்டிய காலத்தில் தண்ணீர் இறங்காததால் கரையோர மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயின. அப்புறம் சுற்றிலும் செம்பனையும் இரும்புத்தாதுச் சுரங்கமும் வந்தன, மண் கரைந்து ஏரிக்குள் இறங்கியது, கபோம்பா என்ற வேற்றுநாட்டு நீர்ப்பூண்டு பரவியது, தாமரை பின்வாங்கியது. தாமரையை மட்டும் நினைத்து அவ்வளவு தூரம் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏரியின் நிலையை நேரில் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று போகிறவர்களைத் தடுக்க மாட்டேன். போகத்தான் வேண்டும்.

கெராச்சுட் காய்ந்து கிடப்பதைப் பார்த்து முதல் நாள் எனக்கு ஏமாற்றம். சினியின் பட்ட மரங்களைப் படத்தில் பார்த்த பிறகு அந்த ஏமாற்றம் போய்விட்டது. காய வேண்டிய காலத்தில் காயும் ஏரியை, காய விட்டிருக்கிறார்கள்.

தங்கைக்கு முடிவாகச் சொன்னது இது. இந்த மாதமே போயாக வேண்டும் என்றால் பெராவுக்குப் போ, அம்மாவுக்கும் அதுதான் சுகம். டிசம்பர் வரை பொறுக்க முடியுமென்றால் பினாங்குக்கு வா. முதல் நாள் வீட்டில் தங்குங்கள். மறுநாள் காலை பூங்கா அலுவலகத்துக்கு போன் செய்து ஏரியில் தண்ணீர் உண்டா, பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். நீயும் நானும் பெரிய பிள்ளைகளும் நடப்போம். அம்மாவும் சின்னவளும் மாப்பிள்ளையோடு படகில் வரட்டும். ஜெட்டியில் போய்க் கடலைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தால், அம்மா அன்றைக்கு ஏறமாட்டார். தண்ணீர்மலை அடிவாரத்தில் தாவரவியல் பூங்காவில் அவரோடு மாப்பிள்ளை இருக்கட்டும்.

“சரி அக்கா, டிசம்பர்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே போனை வாங்கி, “அந்தக் காஞ்ச ஏரியையும் எனக்கு ஒருக்கா காட்டணும், தைப்பூசத்துக்கு வருவேன்ல, அப்ப கூட்டிக்கிட்டுப் போ” என்றார். தை மாதக் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளும். படகுக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.